மச்சானின் குரோம் ஹெட்லைட்

மச்சான் ஹெட்லைட்டுக்குக் குரோம் முலாம் போட்டால் ஊரே அவனைத்தான் பார்க்கும் என்று 1964-லேயே கணித்தவன் நான்.

இன்று மச்சான் ஏகாம்பரம் தன் பழைய மோட்டார் சைக்கிள் படத்தை இங்கே போட்டிருக்கிறான். எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள்.

அன்று, "ஹெட்லைட்டுக்கு நிக்கலா, குரோமா மச்சான்?" என்று என்னைத்தான் கேட்டான்.

ஊர் அவனைப் பார்த்துவிடுமே என்று சொன்னேன்: "கறுப்பு பெயிண்ட் அடி. என் வண்டி பாரு, எவ்ளோ கம்பீரம்!"

"கறுப்பா? உன் வண்டி எருமை மாதிரி இருக்குது."

குரோமே போட்டான். கார்த்திகை தீபத்தன்று கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருவரும் வண்டியை நிறுத்தினோம். மலை சுற்ற வந்த ஜனமெல்லாம் அவன் ஹெட்லைட்டில் முகம் பார்த்து விபூதி இட்டுக்கொண்டது. ஒரு அம்மா மட்டும் என்னிடம் வந்து, "உங்க வண்டியில மூஞ்சியே தெரியலீங்களே அண்ணே" என்றார்.

இன்னும் வயிறு எரிகிறது.

அவன் வந்து கமெண்டில் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் வண்டி மோட்டார் சைக்கிள் இல்லை, வாடகை சைக்கிள்.