இரு கரைக்கு நடுவே ஒன்றரை மணி நேரம்

எங்கள் வீட்டுக்கென்று இருந்தது ஒரே ஒரு பொத்தான் செல்போன். ராஜபாளையத்து வீட்டில் முன்னறைச் சன்னலோரம்தான் டவர் கிடைக்கும் என்பதால் எப்போதும் அங்கேயே கிடக்கும். அதை நினைத்தால் எனக்கு மதினி முகம்தான் வருகிறது. அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலை பார்த்தான். கருங்கடலுக்குப் போய்க் கோதுமை ஏற்றி வரும் கப்பல். நடுக்கடலில் போன் எடுக்காது. இஸ்தான்புல் நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் நீரிணைக்குள் நுழைந்தால்தான் இரு கரையும் நெருங்கும். அவன் வைத்திருந்த அந்த ஊர் சிம் வேலை செய்யும். கப்பல் அதைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். மதினிக்குப் புருஷன் அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அதிலும் பங்குக்கு ஆள் உண்டு. அப்பா உடம்பை விசாரிப்பார், அம்மா சாப்பாட்டை விசாரிப்பாள், நான் கதை கேட்பேன். இறங்கிப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஊரைப் பற்றி அண்ணன் அவ்வளவு கதை வைத்திருந்தான். மதினி கைக்குப் போன் போகும்போது கப்பல் கருங்கடலைத் தொட்டிருக்கும்.

ஒருநாள் மதினி யாரிடமும் காரணம் சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணன் கூப்பிட்டான். அரை மணி நேரத்தில் மதினி வந்துவிடுவார், அப்போது கூப்பிடு என்று நான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. துறைமுக வாயை இரும்புச் சங்கிலியால் மறித்து வைத்திருந்ததையும், இஸ்தான்புல்லைப் பிடிக்க வந்த இளவயது சுல்தான் அசராமல் கொழுப்புத் தடவிய கட்டைகளைப் பரப்பி, ஒரே ராத்திரியில் கப்பல்களை மேட்டின்மேல் இழுத்து அந்தப் பக்கம் இறக்கியதையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் சிம்மில் இருந்த காசு தீர்ந்து லைன் அறுந்தது. சற்று நேரத்தில் மதினி பால்கோவாப் பொட்டலத்தோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு மாசம் தாயி. மொதல்ல அவிய காதுல சொல்லணும்னு இருந்தேன். சரி, கப்பல் திரும்பி வாரப்போ சொல்லிக்கிடுதேன். நீ யாருகிட்டயும் மூச்சு விடாத.”

கப்பல் திரும்பி வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னால் கரு கலைந்துவிட்டது. அதுவும் எங்கள் இரண்டு பேரோடு நின்றது.

இந்த முறை மணி அடித்ததும் போனை மதினி கையில் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றேன். அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. மதினி அழவில்லை. “அந்த ஊர்ல வேற கதை இல்லையா? சொல்லுங்க, கேக்கேன்” என்றார்.

அண்ணன் கத்திப் பேசுகிறவன். கதவுக்கு வெளியிலும் கேட்டது. பாம்பு கடித்துத்தான் மகள் சாவாள் என்று குறி சொன்னதால், ஒரு ராஜா நீரிணைக்கு நடுவே கோபுரம் கட்டி அவளை அதில் வைத்துக் காத்தானாம். திராட்சைக் கூடைக்குள் ஒளிந்து பாம்பு அங்கேயும் போய்விட்டதாம். மதினி ஒவ்வொன்றுக்கும் ‘உம்’ கொட்டினார். கதை முடிந்தது.

“பாவம். அம்புட்டுப் பத்திரமாத்தான வச்சிருந்தாக” என்றார்.

அந்த அரை மணி நேரம் திரும்பக் கிடைக்காதா என்று இன்னும் ஏங்குகிறேன். அண்ணன் கப்பலை விட்டு ஊரோடு வந்துவிட்டான். பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மதினி இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் அந்தக் கோபுரத்துக் கதையை எடுத்துவிடுவான். பக்கத்தில் மதினி இருந்தால் அவரைக் காட்டிச் சிரித்துக்கொண்டே சொல்வான்:

“இவளுக்கு இந்தக் கதைன்னா உசுரு.”