அப்பா திருப்பி எறிந்த பந்து

“…கை கழுவிப்போட்டு வந்தாலும் தொட ஏலாது, பாக்கலாம், அவ்வளவுதான்” என்று துவாரகா சொல்லிக்கொண்டிருந்தாள். என் விரல்களில் பெரியம்மா சுட்டுத் தந்த உளுந்து வடையின் எண்ணெய் மினுங்கியது. கண்ணாடி ‘அலுமாரி’க்குள், சின்னக் கிண்ணமொன்றின் மேல், சிவப்புத் தையல் போட்ட வெள்ளைப் பந்து சாமி மாதிரி வீற்றிருந்தது. முந்திய கோடையில் பேஸ்பால் பார்க்கப் போன இடத்தில் அவள் பிடித்த பந்து. கிரிக்கெட் போல அல்ல, பேஸ்பாலில் பார்வையாளர் பக்கம் வந்து விழும் பந்து பிடித்தவருக்கே சொந்தம் என்ற சட்டத்தையும் அவள்தான் எனக்குச் சொன்னாள், அதை இயற்றியவளே தான் என்பதுபோல.

2012ஆம் ஆண்டின் பள்ளிக்கூட விடுமுறை. மெல்பேர்னில் டார்னெய்ட்டிலிருந்து காரில் ஒரு நாள் முழுக்க ஓடி, சிட்னியில் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். பெரியம்மாவின் மகள் துவாரகாவுக்கும் எனக்கும் பத்து வயது. அவளுக்குத் தனி அறை, இரண்டு தட்டுக் கட்டில், பந்து பிடிக்கத் தோல் கையுறை. “பிள்ளை கேட்டதுக்கு இல்லையெண்டு சொல்லிப் பழக்கமில்லை” என்பது பெரியப்பாவின் வாய்ப்பாடு. எங்கள் வீட்டு வாய்ப்பாடு ஒற்றைச் சொல், “பாப்பம்.” அப்பா “பாப்பம்” என்றால் அது கிடையாது என்று எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். அந்த அலுமாரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வயிற்றுக்குள் மிளகாய் அரைத்ததுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை முடியப் பிந்திவிட்டது. ஆட்டம் தொடங்கிவிடும், உடுப்பு மாற்ற நேரமில்லை என்று பெரியப்பா அவசரப்படுத்த, அப்பா வேட்டியோடும் நெற்றியில் திருநீற்றோடும் அப்படியே பேஸ்பால் மைதானத்துக்குள் நுழைந்தார். தொப்பிகளுக்கும் அரைக் காற்சட்டைகளுக்கும் நடுவே அவர் ஒருவர்தான் வேட்டி. துவாரகா என்னைவிட்டு இரண்டு கதிரை தள்ளி, கையுறையைப் போட்டுக்கொண்டு ஆயத்தமாக இருந்தாள். நான் வெறுங்கையை விரித்து வைத்துக்கொண்டு, ஒரேயொரு பந்து, ஒன்றே ஒன்று, என்று சற்று முன் கும்பிட்ட முருகனிடமே திரும்பவும் மனுப் போட்டேன்.

அப்பாவுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. அதனால் தன்னுடைய ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு எல்லைக்கோட்டில் நின்றவராம். “நான் எறிஞ்சா கீப்பர் கையை அசைக்கத் தேவையில்லை.”

“உந்தக் கதைக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் இஞ்சை இல்லை” என்றாள் அம்மா, புளிச்சாதப் பெட்டியைத் திறந்தபடி.

அந்த நேரம் பார்த்துத்தான் மட்டையின் விளிம்பில் பட்ட பந்தொன்று எங்கள் பக்கம் எழும்பி வந்தது. துவாரகா கதிரையில் ஏறிக் கையுறையை நீட்டினாள். அவளுக்கும் மேலே, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, மற்றக் கையால் அப்பா அதை எட்டிப் பிடித்துவிட்டார். சனம் எழும்பிக் கூவியது. அலுமாரி, கிண்ணம், “தொட ஏலாது” என்று நானும் சொல்லப்போகும் நாள், எல்லாம் கண்முன்னே வந்தன.

அப்பா பந்தை வேட்டியில் இரண்டு தரம் தேய்த்தார். பிறகு ஒரு காலை முன்வைத்து மைதானத்துக்குள் எறிந்தார். அது தாழப் பறந்து, அங்கே நின்ற ஆட்டக்காரனின் கையுறைக்குள் நேரே போய் இறங்கியது. அவன் கையுறையை அசைக்கவேயில்லை.

சுற்றிவரச் சிரிப்பும் கைதட்டலும். பின்னாலிருந்த வெள்ளைக்காரர், “மேட், அது உனக்குத்தானே” என்றார். அப்பா குழம்பிப்போய், “அவையின்ரை பந்தல்லோ” என்று எங்களைப் பார்த்தார்.

“கையிலை வந்ததை எறிஞ்ச மனிசனை இண்டைக்குத்தான் பாக்கிறன், சகலன்” என்று பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் பெரியம்மாவிடம் தாழ்ந்த குரலில், “கண்டியே அக்கா, அசைக்கேல்லை” என்றாள். நான் அழுதேன். திரும்பும் வழியில் காரில் துவாரகா மடியிலிருந்த கையுறையையே பார்த்துக்கொண்டு வந்தாள். உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்றே நினைத்தேன்.

இன்று அந்த வீடு இல்லை. பெரியப்பா விற்றபின் அங்கே இரண்டு மாடி வீடுகள் நெருக்கி எழும்பிவிட்டன, பந்து எறிய ஒரு முழம் முற்றமில்லை. அந்தக் கண்ணாடி அலுமாரி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அதற்குள் இருந்த பந்தும் தையல் விட்டு, பக்கத்து வீட்டு வேலிக்கப்பால் போய்த் தொலைந்தது. துவாரகா இப்போதும் ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறாள். “சித்தப்பா நிக்கிறாரே?” என்றுதான் முதலில் கேட்பாள். அப்போது வயிற்றுக்குள் அதே மிளகாய் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

ஏனென்றால், அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே அலுமாரியைத் திறந்தாள். பந்தை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி, குசினி வழியாகப் பின்முற்றத்துக்குப் போனாள். அங்கே அப்பா இடுப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு, பந்தைத் தேய்த்ததில் வேட்டியில் பட்ட செம்மண் கறையைக் குழாயடியில் கசக்கிக்கொண்டிருந்தார். “சித்தப்பா, எப்பிடி அப்பிடி எறிஞ்சனீங்கள்? எனக்கும் காட்டித் தாங்கோ” என்றாள். அப்பா “பாப்பம்” என்று சொல்லவில்லை. சவர்க்கார நுரையும் மண்ணுமாக இருந்த அவர் கையிலே, கழுவிவிட்டு வாருங்கள் என்றுகூடச் சொல்லாமல், அவள் அந்தப் பந்தை வைத்தாள்.