எங்கள் தெரு மேப்பில் மஞ்சள் ஆன கதை

இதில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு நல்ல பெயர் வராத இடங்களையும் விடப் போவதில்லை. ஏன் என்று படித்தால் புரியும்.

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் டம்ளர் தண்ணீர் சும்மா இருக்காது. மேலே சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மேஜையில் பென்சிலை வைத்தால் மெதுவாக நகர்ந்து போய் விளிம்பில் விழும். கீழே பன்னிரண்டு மெஷின் ஓடுகிற வீட்டில் எல்லாமே கொஞ்சம் நடுங்கும்...

கீழே அப்பாவின் பனியன் கம்பெனி, மேலே நாங்கள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு நீள ஹால், ஓவர்லாக், பேட்லாக் என்று பனியன் தைக்கிற மெஷின்கள், ஓரத்தில் ஒரு செக்கிங் டேபிள். அந்த டேபிளில் அம்மாவும் எதிர் வீட்டுச் சரசக்காவும் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை, அதாவது பிசிறை, வெட்டிக்கொண்டிருப்பார்கள். சரசக்காவின் மாமியார் படுத்த படுக்கை. அடிக்கடி ரோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுபடி உட்காருவார்.

ஸ்கூல் விட்டதும் நான் நேராகக் கீழே தான் போவேன். "வந்துட்டியா கண்ணு" என்று அம்மா மடியில் இருக்கும் பிசிறைத் தட்டிவிட்டு எழுந்து வருவார். பஞ்சு மூக்கில் ஏறும். தும்மிக்கொண்டே பன் சாப்பிடுவேன். எங்கள் தெருவில் பாதி வீடு இப்படித்தான்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்தார்.

"ஏனுங்க, சர்வே எடுக்க வாராங்க. வரிய ஏத்தறதுக்காட்ட இருக்குது. மெஷின நிறுத்துங்க!"

அப்பா மெயினை இறக்கினார். லைட்டெல்லாம் அணைந்தது. ஷட்டரும் இறங்கியது. தெரு முழுக்க அதே கதை. காக்கா கத்துவது கூடக் கேட்டது.

அம்மா என்னை வெளியே தள்ளினார். "வாசல்ல போயி நில்லு. கேட்டா ஊடு மட்டுந்தான்னு சொல்லு. எந்நேரமும் புஸ்தகத்தோட இருக்கற புள்ள சொன்னா நம்புவாங்க."

வந்தது வரிக்காரர் இல்லை. கையில் பெரிய மேப்போடு ஒரு அக்கா. ஊருக்கு மாஸ்டர் பிளான் போடுகிறார்களாம். இனிமேல் எங்கே வீடு வரணும், எங்கே கம்பெனி வரணும், எங்கே ரோடு போகணும் என்று முடிவு செய்ய, முதலில் இப்போது எங்கே என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டுமாம். மேப்பை விரித்து எங்கள் வீட்டைக் காட்டினார். ஒரு சின்னக் கட்டம். அதை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இது வீடா, கம்பெனியா பாப்பா?"

"ஊடு தானுங்க."

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"மூணு பேருங்க."

அக்கா கீழே பார்த்தார். ஷட்டருக்கு வெளியே பதினாறு ஜோடிச் செருப்பு.

"சொந்தக்காரங்க வந்திருக்காங்களோ?"

"ஆமாங்க... விசேஷங்க."

அப்போது பார்த்து ஷட்டருக்குப் பின்னால் ஒரு தும்மல். அதற்கடுத்து பீகாரிலிருந்து வந்த டைலர் முன்னா அண்ணாவின் குரல், கரண்ட் எப்போது வரும் என்று ஹிந்தியில்: "கரண்ட் கப் ஆயேகா?"

"வாய மூடு சாமி!" என்று சரசக்கா.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்து என் கையிலேயே வைத்தார். "வரிக்காகக் கேக்கல. நல்லா யோசிச்சுச் சொல்லு. நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும்."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். பிறகு, "ஊடு தானுங்க" என்றேன்.

அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உள்ளே போனதும் இருட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ரொம்ப நாள் கழித்து, மாஸ்டர் பிளான் மேப்பை ஆபீஸில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா என்னையும் கூட்டிப் போனார். தண்ணீர்த் தொட்டியை வைத்து எங்கள் தெருவைக் கண்டுபிடித்தேன். முழுக்க மஞ்சள். மஞ்சள் என்றால் குடியிருப்பு. கம்பெனிகளுக்கான ஊதா நிறம் எல்லாம் ஊருக்கு வெளியே, பெருமாநல்லூர் பக்கம்.

அங்கிருந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "உங்க தெருவுல ஒரு கம்பெனி கூட இல்லைன்னு இருக்குதுங்களே" என்றார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அன்று சாயங்காலமே எழுதினேன். 'எங்கள் தெருவில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன...' என்று என் நல்ல கையெழுத்தில். வீடு வீடாகப் போனேன்.

"கையெழுத்துப் போட்டா அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆயிருமே கண்ணு."

"மொதல்ல மத்தவிய போடட்டும், அப்பறம் பாக்கலாம்."

கடைசியில் இரண்டே கையெழுத்து. ஒன்று அப்பா. இன்னொன்று சரசக்கா. "எனக்குக் கம்பெனியும் இல்ல, மெஷினும் இல்ல. ஆனா நான் இங்கதான் வேலை செய்யறேன்னு எழுதிக்க" என்று சொல்லிப் போட்டார்.

இரண்டு கையெழுத்துக்குத் தெருவின் நிறம் மாறவில்லை. அடுத்து கம்பெனி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது, குடியிருப்புப் பகுதியில் இத்தனை மெஷின் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பெருமாநல்லூர் பக்கம் ஒரு ஷெட் பிடித்தார். ஒரே நாளில் பன்னிரண்டு மெஷினும் லாரி ஏறிவிட்டன.

இப்போது நான் பிளஸ் டூ. உண்மையைச் சொன்னால், அந்த ஷெட் நன்றாகத்தான் இருக்கிறது. காற்று வருகிறது, லாரி உள்ளேயே போகிறது. அம்மா காலையில் வேனில் போய் இருட்டிய பிறகு வருகிறார். மாமியாரை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக சரசக்காவால் முடியவில்லை. மூட்டை வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறார், தனியாக. தெருவில் மிச்சம் இருப்பவர்கள் பகலிலும் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் மெஷின் ஓட்டுகிறார்கள்.

மேப் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் காட்டியதைத்தானே வரைந்தார்கள். அந்த அக்காவை எங்கேயாவது பார்த்தால் மட்டும் சொல்ல வேண்டும்... 'விசேஷமெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா.'

ஸ்கூல் விட்டு வந்து நானே பூட்டைத் திறக்கிறேன். மெஷின் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று எத்தனை நாள் அழுதிருப்பேன்! இப்போது டம்ளர் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. பென்சில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கீழே அந்த ஹாலில் என் சைக்கிள் மட்டும் தான். ஆனாலும் சாயங்காலம் ஆனதும் அங்கே ஒரு டியூப்லைட்டைப் போட்டு வைப்பேன். அம்மா இருட்டுக்குள் வரக்கூடாது என்று.

இதோ, வேன் சத்தம் கேட்டுக் கீழே போய் வந்தேன். அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே, செக்கிங் டேபிள் இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்தார். நான் லைட்டை நிறுத்திவிட்டு மேலே வந்ததும், எப்போதும் போலத்தான் கேட்டார்.

"கண்ணு, கீழ லைட்ட நிறுத்தியாச்சா?"

நிறுத்தியாச்சு.