ஆர்டிஸின் இடது கால்

நூர்டால் ஊரில் ஆர்டிஸ் ஹெக்கேயின் முகத்தைவிட முதுகைத்தான் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷமாக மேட்டுமேல் இருக்கும் லூத்தரன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவள் அவள். ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தால் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். எங்களில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடந்தது அந்த முதுகுக்குப் பின்னால்தான். அப்படிப்பட்ட மனுஷிக்கு அறுபத்திரண்டு வயதில் சைக்கிள் பைத்தியம் பிடித்தது. பால் லாரி ஓட்டும் அவள் புருஷன் வெர்லின், "பனி விழுந்தா தன்னால தெளிஞ்சிடும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். பனி விழுந்தது, உருகியது, பைத்தியம் மட்டும் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு கோஷ்டி சேர்ந்து சைக்கிள் விடும். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ஜோலீன்தான் அதற்குத் தலைவி. எங்கள் பக்கத்தில் சமதரை என்பது அபூர்வம். ஒரு மேடு முடிந்தால் அடுத்த மேடு காத்திருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் ஆர்டிஸ்தான் கடைசி. அவள் போய்ச் சேரும்போது மற்றவர்கள் கொண்டுவந்த கேக்கைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அழுத்தி மிதித்தால் ஷூ வழுக்கும். வழுக்கினால் பெடல் சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே ஒரு போடு போடும். அவள் கால் இரண்டும் கன்றிக் கிடந்தன.

"நீங்க பாதி பலத்த வீணாக்கறீங்க ஆர்டிஸ்" என்றாள் ஜோலீன். "மிதிச்சா மட்டும் போதாது, மேல இழுக்கவும் வேணும். கால பெடலோட மாட்டிடுங்க. அப்புறம் சர்ச் மேட்டையே ஏறலாம்."

சர்ச் மேடு என்றதும் ஆர்டிஸுக்குக் காது கூர்மையானது. முப்பத்தொரு வருஷமாகக் காரில் உட்கார்ந்து ஏறிய மேடு அது. அதைத் தன் காலாலேயே ஏற வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. மறுநாளே கடைக்குப் போய்ப் பெடலும், அடியில் இரும்புத் துண்டு பதித்த ஷூவும் வாங்கிவிட்டாள். அந்தப் பெடலுக்குப் பெயர் 'கிளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது. ஆனால் மாட்டினால் முதலைப் பிடிதான். பெயர் வைத்தவனை என்ன சொல்வது!

"மேல வெச்சு மிதிச்சா மாட்டிக்கும். குதிகால வெளிப்பக்கமா திருப்பினா விட்டுடும். நிக்கும்போது வலது கால எடுங்க, ரோட்டுல நாம வலப்பக்கமா போறதால அதான் ஓரம். ரொம்ப சுலபம்" என்றான் கடைக்காரன். விற்கிறவனுக்கு எல்லாம் சுலபம்தான்.

முதல் தடவை வீட்டு முற்றத்திலேயே விழுந்தாள். பால் லாரிக்கு முன்னால் அழகாக வந்து பிரேக் பிடித்தாள், வண்டி நின்றது, கால் வரவில்லை. அடியற்ற மரம் போல அப்படியே சாய்ந்தாள். எங்கள் ஊர் பனிச்சறுக்குத் தாவலுக்குப் பேர்போன ஊர். குளிர்காலம் முழுக்கத் தாவுகிறவனுக்கு இருபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். யார் எங்கே விழுந்தாலும் மார்க் போடாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது.

"பதினாறு!" என்று லாரிக்குள்ளிருந்து கத்தினான் வெர்லின். "கைய நீட்டினதுக்கு ரெண்டு கொறச்சிட்டேன்."

"மார்க்க அப்புறம் போடு. வந்து தூக்கிவிடுய்யா!"

"எதத் தூக்கறது மகாராணி? ஷூ இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கு. நீயும் சைக்கிளும் இப்ப ஒரே உடம்பு."

இரண்டாவது தடவை பெட்ரோல் பங்க் பக்கத்தில், ஊரின் ஒரே சிக்னலில் விழுந்தாள். மீன்பிடிக்கப் புறப்பட்டு நின்றவர்கள் பதினேழு போட்டார்கள். மூன்றாவதுதான் மோசம். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் ஒரு வட்டம் சுற்றிப் பார்த்தாள். சபையே காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றது. எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. அன்றைக்கு யாரும் மார்க் போடவில்லை.

சபைக் குழுத் தலைவன் செல்மர் ஓடிவந்தான். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

"அறுபத்திரண்டு வயசுல இதெல்லாம் தேவையா ஆர்டிஸ்? இது சபையோட கை. இன்னொரு தடவ விழுந்தேன்னா நாங்க ஆர்கனுக்கு வேற ஆளப் பாக்க வேண்டியதுதான்."

"என் தோள்ல ஒட்டியிருக்கற கை எப்படி செல்மர் சபையோடதாச்சு?"

"கோவப்படாத. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் ஆர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீங்கிய கையை மறுகையில் ஏந்திக்கொண்டு, நாற்பது பேர் காதில் விழும்படி சொன்னாள்: "ஜூலை கடைசி சனிக்கிழமை சைக்கிள்காரங்க மேட்டுப் பயணம் வருதில்ல? இதே வாசல்ல நீதான காப்பி ஊத்துவ? அன்னிக்கு இந்த மேட்ட ஏறிவந்து உன் முன்னாடி நிக்கறேன். அதுக்குள்ள ஒரே ஒரு தடவ விழுந்தாலும் சைக்கிள வித்துடறேன். போதுமா?"

சொல்லிவிட்டாள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது புரிந்தது. எங்கள் ஊரில் காப்பி நேரத்தில் வாய்விட்ட சொல்லை எழுதி வைக்கத் தேவையில்லை, யாரும் மறக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று அழுதாள். அந்த சைக்கிளில் போகும்போதுதான் அவள் முகத்தில் காற்று படுகிறது. எதிரே வருகிறவர்கள் அவளைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அது போய்விட்டால் மறுபடி வெறும் முதுகுதான் மிஞ்சும்.

புதன்கிழமை வழக்கம்போல ஆர்கன் பழகப் போனாள். வலது கையில் கட்டு. இடது கையை மட்டும் வைத்து என்ன வாசிப்பது என்று எரிச்சலில், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு காலால் மட்டும் வாசிக்க ஆரம்பித்தாள். ஆர்கனில் காலுக்கும் ஒரு வரிசைக் கட்டைகள் உண்டு. பாட்டின் அடிநாதம் முழுக்க அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை எடுத்தாள். தொம், தொம் என்று தேவாலயம் அதிர்ந்தது. மூன்றாவது வரியில் சட்டென்று நிறுத்திவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்தில் ஒருநாளும் வாசிக்கும்போது காலைக் குனிந்து பார்த்தவள் இல்லை.

வலது கால் சும்மா இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிதியின் மேல் ஏறி உட்கார்ந்து, அசைவேனா என்றிருந்தது. ஓடியாடி வேலை செய்ததெல்லாம் இடது கால்தான். ஆழமான ஸ்வரம் வேண்டுமென்றால் வெளிப்பக்கமாக எட்டிப் போய்வருகிறதும் அதுதான். கடைக்காரன் பேச்சைக் கேட்டு, இடத்தைவிட்டு நகர்ந்தே பழகாத காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு உறைத்தது. அதுவும் எப்படி? ஆர்கன் பெஞ்சில் முழங்காலும் குதிகாலும் ஒட்டியிருக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழகிய உடம்பு அது. பயம் வந்தால் குதிகால் உள்ளேதான் போகும், வெளியே திரும்பாது.

இன்னொன்றும் இருந்தது. அடுத்த ஸ்வரம் வருவதற்கு முன்பே கால் அதன் மேல் போய்க் காத்திருக்க வேண்டும். ஸ்வரம் வந்த பிறகு காலைத் தேடினால் பாட்டு குட்டிச்சுவர். இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்! சைக்கிளில் மட்டும் வண்டி நின்ற பிறகு காலை எடுக்கப் பார்த்திருக்கிறாள். "அடிப் பைத்தியமே!" என்று வாய்விட்டுச் சொல்லி, ஆளில்லாத தேவாலயத்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள்.

அதன் பிறகு கேட்க வேண்டுமா! கட்டுப் பிரித்த அன்றே வீட்டு முற்றத்தில் ஆரம்பித்துவிட்டாள். ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே மிதிப்பாள். கடைசி வரி தொடங்கும்போதே இடது குதிகால் வெளியே திரும்பிவிடும். ஆமென் வருகிற இடத்தில் வண்டி நிற்கும், கால் தரையில் இருக்கும்.

"கடைக்காரன் வலது காலுன்னு சொன்னானே?" என்றான் வெர்லின்.

"கடைக்காரனா ஆர்கன் வாசிக்கறான்?"

வெர்லின் தொப்பியைத் தள்ளிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். "மோசமில்ல" என்றான். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்வது கிடையாது. கல்யாணத்தன்றுகூட அவன் அவளைப் பார்த்து அதைத்தான் சொன்னான்.

ஜூலை கடைசி சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. மேட்டுப் பயணத்தில் கடைசி ஏற்றம் சர்ச் மேடுதான். உச்சியில் குறுக்கு ரோடு, அங்கே 'நில்' என்ற பலகை, அதைத் தாண்டினால் தேவாலய வாசல், காப்பி மேசை. ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே பலபேர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். ஆர்டிஸ் இறங்கவில்லை. ஒரு கால் மிதிக்க, மறு கால் இழுக்க, வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. மூச்சு இரைத்தது, வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபர்கள் இரண்டு பேரைத் தாண்டினாள். தாண்டும்போது, "நல்ல வெயில், இல்ல?" என்று விசாரிக்கவும் விசாரித்தாள்! முன்னால் ஜோலீன் மட்டும்தான்.

உச்சிக்குப் பத்தடி இருக்கும்போது குறுக்கு ரோட்டில் மோட்டார் வண்டியே தொடாத ஆமிஷ் சபைக்காரர் ஒருவரின் குதிரை வண்டி வந்தது. பளபளவென்ற சட்டைகளையும் கூட்டத்தையும் பார்த்து மிரண்டு, குதிரை நடுரோட்டில் நின்றுவிட்டது. ஜோலீன் சட்டென்று பிரேக் பிடித்தாள். வலது காலைக் கழற்றினாள், ஆனால் ரோடு இடதுபுறம் சரிந்திருந்தது. அவ்வளவுதான், கோஷ்டித் தலைவி இடதுபக்கம் சாய்ந்து மல்லாந்தாள்.

"பதினெட்டரை!" என்று வாசலிலிருந்து நாலைந்து குரல் கேட்டது. அடுத்த நொடி அத்தனை பேர் பார்வையும் பின்னால் வந்த ஆர்டிஸ் மேல் திரும்பியது. மேசையருகே செல்மர் காப்பிக் கூஜாவைத் தூக்கியபடி அப்படியே நின்றான். கும்மாளம் அடங்கிவிட்டது. எல்லோருக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் இருந்தது.

ஏற்றம் செங்குத்து. எதிரே குதிரை, காலடியில் ஜோலீன். ஒதுங்க இடமில்லை, வேகமும் இல்லை. ஆனால் குதிரையைப் பார்த்தபோதே அவள் இடது குதிகால் திரும்பிவிட்டிருந்தது. அவள் சொல்லித் திரும்பவில்லை, அதுவாகவே திரும்பியது. வண்டி நின்றபோது கால் தரையில் ஊன்றி நின்றது. ஆர்டிஸ் நின்றாள். தடுமாறக்கூட இல்லை.

"ஜோலீன், அடி பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"மானம்தான் போச்சு" என்றாள் ஜோலீன், தரையிலிருந்தபடியே. "நீங்க எப்படி நிக்கறீங்க?"

"காலாலதான்."

வண்டிக்காரர் ஒரு விரலை உயர்த்தி மரியாதை சொல்லிவிட்டு, குதிரையைத் தட்டிக்கொடுத்து நகர்த்தினார். ஆர்டிஸ் அந்தச் செங்குத்தில் மறுபடி மிதித்துக் கிளம்பி, காலை மாட்டி, ரோட்டைக் கடந்து, காப்பி மேசைக்கு முன்னால் வந்து இன்னொரு தடவை நின்றாள். அப்போதுதான் ஊர் வாய்திறந்தது. வெர்லின் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். ஞானஸ்நானம் வாங்கினதிலிருந்து அந்த வாசலில் சத்தம் போட்டுப் பேசாதவர்களெல்லாம் ஹோவென்று கத்தினார்கள். ஆர்டிஸுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தாள், கண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை.

செல்மர் கோப்பையை நிரப்பி நீட்டினான். "சரிம்மா, ஒத்துக்கறேன். சைக்கிள் உன்னோடதுதான். கால் வலின்னு நாளைக்கு லேட்டா வந்துடாத, ஆராதனைல ஞானஸ்நானம் இருக்கு."

ஆர்டிஸ் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள். "நாளைக்கு வர்றேன். அது சரி, வேற ஆளப் பாக்கறேன்னு சொன்னியே, பாத்தியா?"

"அட, அது ஏதோ பதட்டத்துல சொன்னது."

"பரவால்ல, பாரு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கு வேணும். இத்தன வருஷத்துல கோடைக்காலத்து ஞாயிறு ஒண்ணுகூட நான் வெளிய பாத்ததில்ல."

மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் செல்மரைப் பார்த்தார்கள். வெர்லின் வானத்தைப் பார்த்தான். செல்மர் தொண்டையைக் கனைத்தான். "எந்த ஞாயிறு?"

"முதல் ஞாயிறு."

அவள் வண்டியைத் திருப்பினாள். மேட்டின் அந்தப் பக்கம் ரோடு கீழே ஆற்றுப் பள்ளத்தாக்கு வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கியது. வலது கால் ஏற்கனவே மாட்டியிருந்தது, இடதையும் மாட்டினாள்.

"ஏ ஆர்டிஸ்! முதல் ஞாயிறுன்னா அடுத்த வாரம்!" என்று பின்னாலிருந்து கத்தினான் செல்மர்.

"ஆமா!" என்றாள் அவள். அதற்குள் முதல் வளைவைத் தாண்டிவிட்டாள்.