புகைக் கொட்டகைக்குள் இரண்டு பேர்

1. அடுப்பு

ஜப்பான்காரன் காலத்தில் காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புகைக் கொட்டகைக்கு அடுப்பு எரித்தேன். பொம்பளைக்கு எதற்கு அந்த வேலை என்று கேட்காதீர்கள். முதலில் அதைச் செய்தவர் என் வீட்டுக்காரர். நெஞ்சில் புகை ஏறி ஓயாத இருமல் வந்தது. அவரைப் பால்மரம் சீவ அனுப்பிவிட்டு அடுப்பை என் தலையில் கட்டினார்கள்.

இன்று மெஷினில் ரப்பர் காய வைக்கிறவர்களுக்கு அந்தக் கொட்டகை தெரியாது. பலகைச் சுவர். ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரே கதவு. உள்ளே மூங்கில் கழிகளில் ரப்பர் சீட் தொங்கும். அடுப்பு உள்ளே இல்லை, பின்பக்கம் ஒரு பள்ளத்தில். அங்கே கட்டையைக் கொளுத்தினால் புகை தரைக்கு அடியில் செங்கல் சுரங்கம் வழியாகப் போய்க் கொட்டகை நடுவில் ஏறும். அந்த வாயில் தீப்பொறி பறக்காமல் ஓர் இரும்புத் தகடு. மாதம் ஒருமுறை சுரங்கத்துக்குள் படுத்து ஊர்ந்து கரி சுரண்டுவோம்.

சயாமில் ரயில் ரோடு போட ஆள் பிடித்த நேரம் அது; போனவர்கள் திரும்பி வரவில்லை. தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி போட்ட லிஸ்டில் என் வீட்டுக்காரர் பேரும் இருந்தது. இருமல்காரர் என்று தெரிந்தே எழுதினார். என் வீட்டுக்காரர் நாலு நாளாகக் காட்டில் ஒளிந்திருந்தார்.

2. இருமல்

அன்று காலை வழக்கம்போல் வந்தேன், கட்டையை அடுக்கினேன், கொளுத்தினேன். கை தானாகச் செய்தது. கொட்டகையை லாக்கப் ஆக்கிவிட்டார்கள் என்று எவனும் எனக்குச் சொல்லவில்லை.

உள்ளே இருமல் கேட்டது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். அது யார் இருமல் என்று எனக்கா தெரியாது?

முன்கதவில் நின்ற ஜப்பான் சிப்பாய் ஓடிவந்தான். "பகேரோ! பாடாம் அப்பி!" தீயை அணைக்கச் சொல்லிக் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினேன். அதைப் பார்த்துவிட்டுக் கதவுக்குத் திரும்பிப் போனான்.

சுரங்க வாயில் தலையை வைத்துக் கேட்டேன். "என்னாங்க, நீங்களா?"

"நான்தான் புள்ள. விடியக்காலம் புடிச்சிட்டானுங்க. நீ வேற கருவாடு போடப் பாக்கறியே."

"சிரிக்காதீங்க. உள்ள எத்தன பேரு?"

"நானும் கிராணியாரும். ஆள் கொறஞ்சிச்சின்னு அவரையும் சேத்துட்டானுங்க. மத்தியானம் லோரி வருதாம்."

"அந்தாளுக்கு நல்லா வேணும்."

தகட்டைத் தூக்கினால் சுரங்கம். சுரங்கம் தாண்டினால் பள்ளம். பத்தடிக்கு அப்பால் பெலுக்கார், அடர்ந்த புதர்க்காடு. ஆனால் செங்கல் கொதித்தது. கொதிக்க வைத்தவள் நான்தான். என்னை நானே திட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்தேன். ஆலோரம் என்கிற ஓடைக்கும் பள்ளத்துக்கும் சிப்பாய் கண்ணெதிரே எத்தனை நடை! அணைக்கச் சொன்னவன் அவன்தானே, ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் ஏறியும் கை வைக்க முடியவில்லை. மெஷின் கொட்டாயில் அப்போதுதான் உருட்டிய ஈர சீட்டுகளைத் தலையில் சுமந்து வந்தேன். கொட்டகைக்கு சீட் வருவது வழக்கம்தான். கரி இழுக்கும் கம்பியால் அவற்றைச் சுரங்கத்துக்குள் தள்ளி, இரண்டு அடுக்காகப் பாய் மாதிரி விரித்தேன்.

"வாங்க சீக்கிரம்."

"கிராணியார மொதல்ல அனுப்பறேன்."

"எதுக்கு? ஒங்க பேர எழுதுன கை வெந்து போவட்டும்!"

"உள்ள சத்தம் இல்லன்னா அவன் கதவத் தொறந்து பாப்பான். இவருக்கு இருமத் தெரியாது. நான் இருமிக்கிட்டு இருக்கேன். வுடு புள்ள."

கிராணி வந்தார். மூஞ்சியெல்லாம் கரி. தினமும் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, என்னை வரிசையில் நிற்க வைத்துக் கத்துகிற மனுஷன், கையெடுத்துக் கும்பிட்டார். "அஞ்சல, என்னை மன்னிச்சிரும்மா."

"ஓடுங்கய்யா. பொறவு பேசலாம்."

அடுத்து அவர். சுரங்கத்துக்குள் இருமினால் சத்தம் வேறு இடத்தில் கேட்கும். வாயை மூடிக்கொண்டுதான் வர வேண்டும். அப்போது உள்ளே இருமுவது யார்? பலகைச் சுவரில் வாயை ஒட்டி வைத்து நான் இருமினேன். இரண்டு சின்னது, ஒன்று நீளம். மறுபடியும். மறுபடியும். சிப்பாய் அசையவில்லை.

அவர் வெளியே வந்தார். முழங்கையெல்லாம் கொப்புளம். என்னையே பார்த்தார். "என் இருமல் இம்புட்டு மோசமாவா இருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதுகில் ஒரு தள்ளு தள்ளிப் பெலுக்காருக்குள் அனுப்பினேன். பிறகு இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு சிப்பாய் முன்னாலேயே தண்ணீருக்கு நடந்தேன். அந்த வாளிகள் இன்னும் ஆலோரத்தில் கிடக்கலாம்.

3. குரல்

ஜப்பான்காரன் தோற்கும் வரை காட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்தோம். பிறகு அதே தோட்டம், அதே அடுப்பு. அவருக்குக் கொட்டகைக்குள் சீட் தொங்கவிடும் வேலை.

தினமும் கொளுத்துவதற்கு முன் கம்பியால் சுவரைத் தட்டி, "உள்ள யாரு?" என்று கேட்பேன். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உள்ளே இருந்தால் அவர் வாயைத் திறந்து பதில் சொல்ல மாட்டார். இரண்டு சின்னது, ஒன்று நீளம். அவர் வெளியே வந்த பிறகுதான் தீ வைப்பேன்.

அடுப்போ மெஷினோ, தீ வைப்பதற்கோ சுவிட்சைத் தட்டுவதற்கோ முன் உள்ளே ஆள் உண்டா என்று கேளுங்கள். கேட்டால் வாய் ஒன்றும் தேய்ந்து போகாது.

அவர் போன பிறகும் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். தினமும் தட்டினேன், கேட்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் தீக்குச்சியைக் கிழித்தேன்.