கால்வாயில் போன எஞ்சின் போல்ட்டுகள்

ஆமியும் பொலிசும் வீடு வீடாகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா முதலில் செய்த வேலை, அண்ணன் வைத்துவிட்டுப் போன பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்மதிலுக்கு அப்பால் கால்வாயில் எறிந்ததுதான். டின்னுக்குள் இருந்தவை அவருடைய பெரிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் போல்ட்டுகள். கிளச்சைப் பார்ப்பதற்காகப் பக்கத்துக் கவரைக் கழற்றி வைத்திருந்த நேரம் பார்த்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கூப்பிட, அண்ணன் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டார்.

"ஏன் அம்மா எறிஞ்சனீங்கள்?" என்று கத்தினேன்.

"இரும்புச் சாமானைக் காட்டி இது என்னத்துக்கு, குண்டுக்கோ எண்டு அவங்கள் கேட்டா, நான் எந்தச் சிங்களத்தில சொல்லுறது?"

அம்மாவோடு கோபிக்க முடியவில்லை. வந்தவர்கள் போர்ட்டிகோவில் நின்ற பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். சொந்தக்காரன் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அன்று பின்னேரமே மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்கார ஐயா படியிறங்கி வந்தார். "பிள்ளை, மாதம் முடிய முதல் இதை இங்கயிருந்து எடுத்துப்போடு. ஆளில்லாத பைக்கால எனக்குக் கரைச்சல் வேண்டாம்."

ஹெவ்லொக் டவுனில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் எஞ்சினை மூடி ஸ்டார்ட் பண்ணிக் காட்ட வேண்டும் என்றார்.

சாதாரண போல்ட் அதற்குச் சரிவராது. தலை ஒடுக்கமாக, உருண்டையாக இருக்க வேண்டும். அப்போதுதான் கவரிலுள்ள குழிக்குள் போய் உட்காரும். பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் எனக்குப் பின்னால் யாராவது ஆம்பிளை வருகிறானா என்று பார்த்தார்கள். "வீட்டில ஆம்பிளைகள் இருந்தா அனுப்புங்களேன் தங்கச்சி" என்றார் ஒருவர். இன்னொருவர் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, பிறந்த இடம் வடக்கு என்று வாசித்தார். போல்ட்டுகள் கிடந்த ஒரு லாச்சியைக் கூட இழுத்துப் பார்க்காமல், சிங்களத்தில் "நே", இல்லை என்று அட்டையைத் திருப்பித் தந்தார். போல்ட் வாங்குவதற்கு எதற்கு நான் பிறந்த ஊர்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

வெளிநாட்டு டெலிபோன் பேசும் கொமியூனிகேஷன் கடையில் அண்ணனின் கோல் வந்தது. "எல்லாம் ஒரு நீளமில்லை. சிலது கட்டை, சிலது நெட்டை" என்றார்.

"எது எங்க போறது எண்டு சொல்லுங்கோ."

"இப்ப எனக்கு எப்பிடி ஞாபகம் இருக்கும்? அம்மா என்ன விசரே, அதை எறிய?"

ரிசீவரை உடைக்க வேண்டும் போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே தன் முறைக்காக அம்மா நின்றுகொண்டிருந்தார். அதனால் அதை அவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் இரும்பு கடையும் லேத் வைத்திருந்த ஒருவர் ஒப்புக்கொண்டார். மரை ஒத்துவரும் போல்ட்டுகளை எடுத்து, தலையைக் கடைந்து ஒடுக்கி, வீட்டுக்கே கொண்டுவந்தார். எல்லாம் ஒரே நீளம்.

"துளையெல்லாம் ஒரே ஆழமில்லை" என்றேன்.

"எனக்கே சொல்லிக் குடுக்கிறீங்களா, தங்கச்சி?"

முதல் இரண்டும் சரியாக இறங்கின. மூன்றாவது பாதியில் நின்றது. அடி முட்டிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. "நிப்பாட்டுங்கோ" என்றேன். அவர் இன்னும் பலமாக முறுக்கினார். டக்கென்று தலை முறிந்து அவர் கையோடு வந்தது. மிச்சம் துளைக்குள்ளேயே இருந்தது.

"வார்ப்பு பழசு. நான் என்ன செய்ய?" என்று அவர் எழுந்து கருவிகளைப் பையில் போடத் தொடங்கினார்.

நான் அந்தப் பையின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"உடைச்சது நீங்கள். எடுத்துத் தந்துபோட்டுப் போங்கோ."

"எழும்புங்க தங்கச்சி, பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"என்னவும் நினைக்கட்டும்!"

என் சத்தம் கேட்டு வீட்டுக்கார ஐயா ஓடிவந்தார். "பிள்ளை, மெல்ல, மெல்ல. றோட்டுக்குக் கேக்கப்போகுது."

எத்தனை வருடமாக இந்த 'மெல்ல'! பஸ்ஸில் மெல்லக் கதை, தெருவில் மெல்லச் சிரி, பக்கத்தில் ஆள் இருந்தால் தமிழே கதைக்காதே. ஒரு முறிந்த போல்ட்டுக்குக்கூட நான் மெல்லத்தான் கோபப்பட வேண்டுமா? "கேக்கட்டும் ஐயா" என்று இன்னும் உரத்துச் சொன்னேன். பையை விட்டு எழும்பவில்லை.

லேத்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு, "சரி, டிரில்லை எடுக்க விடுங்க" என்றார்.

அவர் முறிந்த துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைத்து எடுக்கும்வரை நான் சும்மா இருக்கவில்லை. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவினேன். துண்டு வெளியே வந்ததும் கவரைப் பொருத்திப் பிடித்து, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஈர்க்கை அடிவரை விட்டு, போல்ட்டின் தலை உட்காரும் மட்டத்தில் நகத்தால் கிள்ளி முறித்தேன். கவரின் வடிவத்தை ஒரு அட்டைப்பெட்டி மட்டையில் கீறி, அந்தந்த இடத்தில் அந்தந்த ஈர்க்கைக் குத்தினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"அடி முட்டாம இருக்க, இதைவிட ஒரு நூல் அளவு குறைச்சு வெட்டணும்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு வந்து, இம்முறை கையால் மெதுவாக முறுக்கி இறக்கினார். எண்ணெய் ஊற்றி உதைத்ததும் எஞ்சின் பிடித்தது. கீழே பழைய பேப்பரை விரித்துப் பார்த்தோம், ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அந்தக் கிழமையே ஹெவ்லொக் டவுன்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் மறுபடி கோல் எடுத்தபோது செய்தியைச் சொன்னேன்.

"போல்ட் ஒறிஜினல் இல்லை எண்டு அந்தாளுக்குச் சொன்னியோ?"

"ஒவ்வொண்டாக் காட்டித்தான் குடுத்தனான்."

"கொஞ்சம் பொறுத்திருந்தா நான் இங்கயிருந்து அனுப்பியிருப்பன். உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

அவ்வளவுதான். ரிசீவரை அடித்து வைத்துவிட்டேன்.

வெளியே தன் முறைக்காக நின்ற அம்மா இன்னும் அண்ணனோடு ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை. பஸ்கள் இரையும் காலி வீதியைக் கடந்து வீட்டு ஒழுங்கைக்குள் நுழையும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "அவன் சாப்பிட்டானோ எண்டுகூடக் கேக்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.