சாப்பிட்டாச்சு என்று சொன்ன பிள்ளைகள்

எழுபதுகளின் தொடக்கத்தில், மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் நான் எடுத்துப் புரட்டிய, கணிப்பொறிக்கான துளையட்டைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அட்டைக்கு ஒரு பிள்ளை. ராமநாதபுரத்துப் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண், அப்பாவின் தொழில், வீட்டில் விளக்கு உண்டா என்பதெல்லாம் அதில் வெறும் ஓட்டைகள். ஓரிடத்தில் ஓட்டை இருந்தால், அந்தப் பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தது என்று அர்த்தம். அநேகமாக எல்லா அட்டையிலும் அது இருந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருமா என்று எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

கேள்விகளைத் தயாரித்து ஊர் ஊராகப் போய்க் கேட்டு வந்தவர் எங்கள் ஆய்வுக்கூடத்து சீனியர். சென்னையில் வசதியான குடும்பம். ஆனால் வெயிலில் அலைய அஞ்சாதவர், எதையும் துருவித் துருவிக் கேட்பவர். எனக்கு அவரைப் பிடிக்கும். அவருடைய அறிக்கையில், பசிக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பள்ளிகளின் மதிய உணவுக்கு உதவுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவுக்கு மறுநாள் அது போகவேண்டும். அந்த ஒரு வரியால் சோறு நின்றுபோகக் கூடும். அட்டைகளோடு அவரிடம் போய் என் சந்தேகத்தைச் சொன்னேன்.

"டேட்டா க்ளியரா இருக்கேப்பா. நானே கிளாஸ்ல நின்னு கேட்டேன். எல்லாரும் சாப்பிட்டாச்சுன்னாங்க," என்றார்.

"எங்க ஊர்ல அப்படித்தான் சார் சொல்வோம். வெளியாள் கேட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டோம். அம்மாவுக்கு அவமானம். நானும் அப்படிச் சொன்னவன்தான்."

நான் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் என்பதை அதுவரை அங்கே யாரிடமும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப எப்படிக் கேட்டிருக்கணும்?"

"காலையில உங்க வீட்ல எப்ப அடுப்புப் பத்தவெச்சாங்கன்னு கேளுங்க சார். அதுல பொய் சொல்லணும்னு பிள்ளைங்களுக்குத் தோணாது."

அந்த வரியை அடித்தார். பக்கத்திலேயே, 'என் கேள்வி தவறு, மறுபடி கேட்கவேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பேனாவை மூடியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்தியானம் கேன்டீனுக்குக் கூப்பிட்டேன். சாப்பிட்டாச்சுன்னியே?"

அவர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "வா," என்றார்.

இப்போது என்னிடமும் மாணவர்கள் வருகிறார்கள். சாப்பிட்டாயா என்று நான் யாரையும் கேட்பதில்லை. தட்டை வைத்துவிடுகிறேன்.